கோமுகி அணை நிரம்புமா? கச்சிராயபாளையத்து மழையை கடல் முடிவு செய்வது எப்படி?

கள்ளக்குறிச்சி மாவட்டம் கச்சிராயபாளையத்தில் இருந்து வங்கக்கடல் சுமார் 100 கிலோமீட்டர் தூரம். ஊரை ஒட்டி கல்வராயன் மலை, அதன் அடிவாரத்தில் 46 அடி கொள்ளளவு கொண்ட கோமுகி அணை. நெல்லும் கரும்பும் விளையும் இந்தப் பகுதியில், "அணையில் எத்தனை அடி தண்ணீர் நிக்குது?" என்பதுதான் ஆண்டுதோறும் விவசாயிகளின் பெரிய கேள்வி. அதற்கான பதில் மலையோடு முடிவதில்லை. அரபிக்கடல், வங்கக்கடல், ஏன் பசிபிக் பெருங்கடல் வரைக்கும் போகிறது. எப்படி? பார்க்கலாம்.

வானிலைக்கும் காலநிலைக்கும் என்ன வித்தியாசம்?

இன்னைக்கு சாயங்காலம் மழை பெய்யுமா என்பது வானிலை. அக்டோபர் வந்தால் இந்த ஊரில் வழக்கமாக எவ்வளவு மழை பெய்யும் என்பது காலநிலை. பொதுவாக 30 ஆண்டு சராசரியை வைத்து காலநிலையைக் கணக்கிடுகிறார்கள்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறிவிடும். கடல் மெதுவாகத்தான் சூடாகும், அந்தச் சூட்டை நீண்ட நாள் பிடித்து வைத்திருக்கும். சூடான இடத்தில் காற்று மேலே எழும்பும், அங்கே காற்றழுத்தம் குறையும். அந்த இடத்தை நிரப்ப வேறு பக்கம் இருந்து காற்று ஓடி வரும். கடல் மேல் வரும் காற்று ஈரப்பதத்தையும் சுமந்து வரும். அவ்வளவுதான், மழையின் கதை இங்கே தொடங்குகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: பகலில் வெயில், ராத்திரியில் இடி

தென்மேற்குப் பருவமழை காலத்தில் அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி கேரளாவில் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி வரும்போது அந்தக் காற்றில் ஈரம் குறைந்துவிடும். அப்போ கள்ளக்குறிச்சியில் மழை எப்படி?

மதியம் வரை நிலம் நன்றாகக் காய்கிறது. மாலையில் வங்கக்கடலில் இருந்து கடற்காற்று உள்ளே நுழைகிறது. மேற்கில் இருந்து வரும் காற்றும் இதுவும் சந்திக்கும் இடத்தில் சூடான காற்று வேகமாக மேலே எழும்பி இடிமேகம் உருவாகிறது. செய்திகளில் 'வெப்பச்சலனம்', 'மேற்குத் திசைக் காற்றின் வேக மாறுபாடு' என்று சொல்வது இதைத்தான். இந்த மழை ஒரு ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் தூறல்கூட இருக்காது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வங்கக்கடலின் முறை

அக்டோபரில் வட இந்திய நிலப்பரப்பு ஆறத் தொடங்கும். காற்று திசை மாறி வடகிழக்கில் இருந்து வீசும். வங்கக்கடலைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழையும். இதுதான் வடகிழக்குப் பருவமழை. இந்த மூன்று மாதத்தில் மாநிலத்தின் சராசரி மழை சுமார் 44 செ.மீ.

காற்றழுத்த தாழ்வுப் பகுதிகளும் புயல்களும் சேர்ந்தால் மழை பல மடங்காகும். புயல் உருவாக கடலின் மேற்பரப்பு பொதுவாக 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூடான நீரில் இருந்து எழும் நீராவிதான் புயலுக்குத் தீனி.

மலை என்ன செய்கிறது?

கல்வராயன் மலையின் பல பகுதிகள் 2,000 முதல் 3,000 அடி உயரம் கொண்டவை. கிழக்கில் இருந்து வரும் ஈரக்காற்று சரிவில் மோதி மேலே ஏறும். மேலே போகப் போக குளிர்ந்து, நீராவி மழைத்துளியாக மாறும். அந்த நீர்தான் ஓடைகளாக இறங்கி கோமுகி அணைக்கு வருகிறது. கச்சிராயபாளையத்தில் வானம் வெறிச்சோடி இருந்தாலும், மலையில் மழை பெய்தால் அணைக்கு நீர்வரத்து திடீரென உயரும்.

ஃபெஞ்சல் சொன்ன பாடம்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், அதன் பிறகு பல மணி நேரம் நகராமல் நின்றது. பின்னர் மெதுவாக மேற்கே நகர்ந்தபோது விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் மழை வெளுத்து வாங்கியது. கடலில் இருந்து 140 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. ஒரு பருவம் முழுக்க மாநிலத்துக்குக் கிடைக்கும் சராசரியைவிட இது அதிகம். புயல் கரையைக் கடந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று உள்மாவட்ட மக்கள் நினைக்க முடியாது.

பசிபிக் கடலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?

பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிட சூடானால் அது எல் நினோ. குளிர்ந்தால் லா நினா. 1876-78ல் சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னால் இருந்த வறட்சியை, அப்போதைய வலுவான எல் நினோவுடன் ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். 1904ல் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டியே கணிக்க முயன்றபோதுதான், பசிபிக் பகுதிக்கும் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கும் இடையே காற்றழுத்தம் ஊஞ்சல் போல மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார்.

எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்பு அதிகம். ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் சாதகம். 2015ல் வலுவான எல் நினோ இருந்தது, சென்னை வெள்ளத்தில் மிதந்தது. அடுத்த ஆண்டே, 2016ல், வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. இது வாய்ப்பைச் சொல்லும் கணக்கு மட்டுமே. எல் நினோ வந்தாலே அணை நிரம்பும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போது என்ன மாறுகிறது?

புவி வெப்பமயமாதலால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடல்தான் உறிஞ்சுகிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைக்கு வாய்ப்பு கூடுகிறது.

கச்சிராயபாளையம் மக்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

* புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதோடு, அதன் பிறகு எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகரும் என்பதையும் பாருங்கள். மெதுவாக நகர்ந்தால் மழை அதிகம்.

* ஊரில் மழை இல்லாவிட்டாலும், மலைக்கு கனமழை எச்சரிக்கை இருந்தால் கோமுகி ஆற்றில் இறங்க வேண்டாம். மேகம், பெரியார் அருவிகளுக்குப் போவதையும் தள்ளிப்போடுங்கள்.

* அணையில் இருந்து உபரி நீர் திறக்கும் அறிவிப்பு வந்தால் கரையோரத்தில் இருக்கும் ஆடு, மாடுகளை உடனே மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள்.