சாம்பிராணி

சாம்பிராணி என்பது, ஸ்டைராக்ஸ் இனத்து விருட்சங்கள் சிலவற்றின் பட்டையைக் கீறினால் கசிந்து இறுகும் நறுமணப் பிசின். சயாம் சரக்கு, சுமத்திராச் சரக்கு என வர்த்தகர் இரு வகையாகப் பிரிக்கும் இது தமிழ்நாட்டுக் காடுகளில் விளைவதன்று. எனினும் வெள்ளிக்கிழமை அந்தியின் தூபக்காலிலும், எண்ணெய் தேய்த்து முழுகிய பெண்டிரின் ஈரக் கூந்தலிலும், குளிப்பாட்டிய குழந்தையின் உச்சந்தலையிலும் நெடுங்காலமாக ஏறிவிட்டமையால், இதனை அயல்தேசத்துப் பொருளென நினைப்பார் இன்று அரியர்.

குங்கிலியத்தோடும் குந்துருக்கத்தோடும் இதனை ஒன்றாக்குவது பொதுவழக்கு. திருக்கடவூரில் குங்கிலியக்கலய நாயனார் இட்ட தூபம் வேறு மரத்தின் பிசின். கீழ்த்திசை ஞானியர் குழந்தை ஏசுவுக்குக் காணிக்கையாக்கியதோ அரேபியா, சோமாலியா முதலிய வறண்ட நிலங்களின் குந்துருக்கம். சாந்தோம் தேவாலயத்துத் தூபத்தையும் மயிலாப்பூர் வீடுகளின் புகையையும் ஒரே பெயரால் அழைக்கும் சென்னைவாசிகளை இதற்காகக் குறை கூறவேண்டுவதில்லை. புகை கலந்தபின் மரத்தின் குலத்தை யார் விசாரிக்கிறார்கள்?

சயாம் நாட்டோடு தமிழர் கொண்ட கடல்வழித் தொடர்பு மிகப் பழையது. இன்றைய தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம், அவனிநாரணம் என்ற குளத்தையும், அதற்குக் காவலாக நின்ற மணிக்கிராமத்து வணிகரையும் குறிப்பிடுகிறது. மல்லைக்கும் மயிலைக்கும் தலைவனெனப் புகழப்பெற்ற பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயரே அக்குளத்துக்கு இடப்பட்டது என்பர். அவ்வணிகரின் மூட்டைகளில் சாம்பிராணி இருந்ததென்று சாசனம் சொல்லவில்லை. சாம்பிராணி வாணிகத்துக்குத் தெளிவான சாட்சி, 1512-க்கும் 1515-க்கும் இடையே எழுதிய போர்ச்சுகீசியர் தோமே பிரேஷிடமிருந்து கிடைக்கிறது: சயாமிலிருந்து மலாக்காவுக்கு அரக்கும் சாம்பிராணியும் ஈயமும் தந்தமும் வந்தன, மலாக்காவிலிருந்து சயாமுக்குச் சென்றவற்றுள் சோழமண்டலக் கரையின் துணி சிறப்பிடம் பெற்றது. ஆகவே, 1522-ஐ ஒட்டிச் சாந்தோமில் குடியேறிய போர்ச்சுகீசியர் மலாக்காவுக்குத் துணிப்பொதிகளை அனுப்பத் தொடங்கியபோது, அவர்கள் புதுவழி எதையும் காணவில்லை, பழைய வழியிலேயே புகுந்தார்கள் எனலாம். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் வெளியிட்ட நூலில், வாதுமைப்பருப்புப் போன்ற வெண்துண்டுகள் செறிந்த சயாம், மர்த்தபான் சரக்கைக் குறிப்பிட்டார். சாந்தோம் 1662-இல் கோல்கொண்டா வசமானதோடு அதன் துறைமுகச் செல்வாக்கு குன்றி, வாணிகம் வடக்கே ஆங்கிலேயரின் கோட்டைப்பக்கம் சென்றது.

சயாம் சாம்பிராணி எனப்படுவது பெரும்பாலும் விளைவது லாவோஸ் மலைப்பகுதிகளில். 1893 வரை லுவாங் பிரபாங் சயாமுக்குக் கப்பம் கட்டியதாலும், சரக்குப் பாங்காக் வழியே கப்பலேறியதாலும் அப்பெயர் நிலைத்தது. ஆறேழு ஆண்டு வளர்ந்த மரத்தில் வெட்டுவாய் இட்டு, மாதக்கணக்கில் ஊறி இறுகிய துளிகளைப் பெயர்த்தெடுப்பர். வெனிலாவை ஒத்த இனிய மணமும், பிற சுகந்தங்கள் விரைவில் ஆவியாகாமல் பிடித்துவைக்கும் குணமும் உடைய இப்பிசினில் கோனிபெரில் பென்சோயேட் மிகுதி. சுமத்திராச் சரக்கில் சின்னமிக் அமிலம் மேலோங்கும். அது டாமர் என்னும் மற்றொரு பிசினோடு கலந்து கட்டிகளாக வார்க்கப்படுவதும் உண்டு.

மருந்துக்கடையில் டிங்சர் பென்சாயின் என்று விற்பதும் சாம்பிராணியின் கரைசலே; சளிபிடித்தவர் கொதிநீரில் சில துளிகள் விட்டு ஆவி பிடிப்பர். தணலும் தூபக்காலும் அருகிவிட்ட அடுக்குமாடி வீடுகளில், கரித்தூளைக் கிண்ணமாக அழுத்திச் செய்த கப் சாம்பிராணியும், கம்ப்யூட்டர் சாம்பிராணி என்ற விசித்திர நாமம் பூண்ட வில்லைகளும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. சௌகரியம் உண்டு, ஆனால் மணத்தில் கரியின் பங்கே அதிகம். கலப்பற்ற சயாம் துளிகளோ, பெரும்பாலும் பிரான்சு தேசத்து வாசனைத் திரவியச் சாலைகளுக்கே சென்றுவிடுகின்றன.