எட்டப்பன்: ஒரு வசைச்சொல்லும் அதன் சான்றும்

தாராவியில் குடியேறிய தமிழருள் பெரும்பகுதியினர் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்தம் பூசல்களில் 'எட்டப்பன் வேலை பாத்துட்டான்' என்னும் தொடரைக் கேட்கலாம். எட்டயபுரமும் 1986 வரை அம்மாவட்டத்திலேயே இருந்தது. ஆதலின் ஊர்க்காரர் வாய்மொழியே சொல்வரலாற்றுக்குப் போதிய சான்று என்று கொள்ளத் தோன்றும். அவ்வாறு கொள்வது பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தாராவியைக் களமாகக் கொண்ட தமிழ்ச் சிறுகதை ஒன்றை மராத்தியில் பெயர்க்கும் பணியில் துணைநின்றபோது இவ்வினா எழுந்தது. எட்டப்பனுக்கு நிகராகச் 'சூர்யாஜி பிசாள்' என்று எழுதலாம் என்றார் மராத்தி நண்பர். 1689இல் இராய்கட் கோட்டையை முகலாயருக்குக் காட்டிக்கொடுத்தவர் என்று மராட்டியர் பழிக்கும் பெயர் அது. வசையின் வேகத்துக்கு மிகப் பொருத்தம்தான். ஆனால் மொழிபெயர்ப்பாளர் இங்கு ஒரு சொல்லை மட்டும் மாற்றவில்லை. ஒருவர்மேல் உள்ள பழியை எடுத்துவிட்டு, வேறொருவர்மேல் உள்ள பழியை அவ்விடத்தில் வைக்கிறார்.

எட்டப்பன் என்பது தனி ஒருவரின் இயற்பெயர் அன்று. எட்டயபுரம் பாளையக்காரர் வழிவழியாகத் தாங்கிய பட்டப்பெயர். முன்னோர் ஒருவர் மல்லன் ஒருவனைப் போரில் வீழ்த்தி, அவன் தம்பியர் எண்மருக்கும் தந்தையாக நின்றமையால் இப்பட்டம் வந்ததென்று மரபுக்கதை கூறும். எண்ணையும் 'அப்பன்' என்பதையும் பிரித்துக்காட்டப் புனைந்த கதையாகவே இது தோன்றுகிறது. வசையின் தோற்றத்தை ஆராயப் புகுந்தவர்க்குப் பட்டத்தின் தோற்றமே முதல் ஐயமாகிறது.

இனி 1799இன் நிகழ்ச்சிகள். செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். எட்டயபுரத்துப் படை கும்பினியின் பக்கம் நின்று அவரைத் துரத்தியது உண்மை. எனினும் அவரைப் பிடித்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். பிடித்த இடம் திருக்களம்பூர்க் காட்டுப்பகுதி. அக்டோபர் 16இல் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

காட்டிக்கொடுத்தல் என்பதற்கு முன் நம்பிக்கை ஒன்று இருந்திருக்க வேண்டும். இரு பாளையங்களுக்கும் இடையே இருந்ததோ எல்லைத் தகராறும் நெடும்பகையுமே. எட்டப்பர் வெளிப்படையான எதிரி, கும்பினியின் நண்பர். இதனை அரசியலில் எவ்வளவு கடுமையாகவும் கண்டிக்கலாம். ஆயினும் சொல் இன்று தாங்கும் பொருள், உடனிருந்தே கெடுப்பவன் என்பது, அச்செயலுக்குப் பொருந்தவில்லை. பிடித்துக் கொடுத்த தொண்டைமான் பெயரோ வசையாகவே இல்லை! சங்க காலந்தொட்டு இலக்கியத்தில் பயின்ற பெயர் என்பதும், 'அப்பன்' என முடியும் பெயரைப் போல் தெருச்சண்டையில் எளிதாக வாயில் வராது என்பதும் காரணமாகலாம் என்பது என் ஊகம்.

இச்சொல் தமிழகமெங்கும் பரவியதில் மேடைக்கும் திரைக்கும் பெரும்பங்கு உண்டு. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகம் 1957இலும், பி. ஆர். பந்துலுவின் திரைப்படம் 1959இலும் வந்தன. படத்தில் எட்டப்பனாக வி. கே. ராமசாமி நடித்தார். அதன்பின் 'எட்டப்பர்கள்' என்று பன்மை ஏற்று, இயற்பெயர்த் தன்மை இழந்து, அரசியல் மேடைகளில் பொதுப்பெயராகவே இச்சொல் வழங்கலாயிற்று. பரவிய காலமும் பிறந்த காலமும் ஒன்றல்ல. பிறந்த காலத்தை நிறுவ, அச்சிலோ கையெழுத்திலோ வசைப்பொருளில் வரும் முதல் ஆட்சியே சான்று, 1799 அன்று.

பிறமொழிகளிலும் இந்நெறியே செல்லும். அமெரிக்க ஆங்கிலத்தில் விலைமகளைக் குறிக்கும் 'ஹூக்கர்' என்னும் கொச்சைச்சொல், உள்நாட்டுப் போரின் தளபதி ஜோசப் ஹூக்கரால் வந்ததென்பர். போர் தொடங்கியது 1861இல். சொல்லோ 1845ஆம் ஆண்டுச் சான்றிலேயே உள்ளது. கதை அத்துடன் முடிந்தது. இதற்கு மாறாக, நார்வேயின் குவிஸ்லிங் பெயர் 1940 ஏப்ரலில் அவர் ஆட்சியைக் கைப்பற்ற முயன்ற அதே மாதத்தில் ஆங்கில இதழ்களில் பொதுப்பெயராகிவிட்டது.

இந்தி வழக்கின் 'ஜெய்சந்த்' நம் சொல்லுக்கு இன்னும் நெருக்கமானது. பிருதிவிராசனுக்கு எதிராகக் கோரியை அழைத்தவர் என்பது பழி. சமகாலச் சான்றுகளில் அவ்வழைப்பு இல்லை. அவரே 1194இல் கோரியின் படையோடு பொருது மாண்டவர். வங்காளியர் கூறும் 'மீர் ஜாபர்' மட்டும் வேறு. 1757இல் பிளாசிப் போருக்கு முன் அவர் கும்பினியோடு செய்த உடன்பாடு ஆவணமாகவே உள்ளது. மும்பையில் இந்நான்கு வசைகளும் ஒரே தெருவில் புழங்குகின்றன. கேட்பவருக்கு நான்கும் ஒரே பொருளையே தருகின்றன. அகராதி தொகுப்பவர் அப்பொருளைத் தருவதோடு நிற்கலாம். சொற்பிறப்புப் பகுதியில் 'கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்தவர்' என்று எழுதிவிட்டால், திரைக்கதை வரலாற்றுச் சான்றாக நிலைபெற்றுவிடும். முத்துசுவாமி தீட்சிதர் இறுதி நாள்களைக் கழித்ததும், பாரதி பிறந்ததும் எட்டயபுரத்தில்தான். அவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இவ்வசையே.

நாங்கள் பிசாளின் பெயரை ஏற்கவில்லை. எட்டப்பன் என்பதை மராத்தி எழுத்தில் அப்படியே நிறுத்தி, அடிக்குறிப்பில் 'தமிழர் வழக்கில், உடனிருந்து காட்டிக்கொடுப்பவன்' என்று மட்டும் எழுதினோம். ஆண்டு எதனையும் சேர்க்கவில்லை.