சினைப்பையும் ஒரு சிறு மாத்திரையும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை வாசகர்கள் அறிவீர்கள். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலுடன் பெண்களுக்காகத் தொடங்கிய சிகிச்சையகமே இன்று இவ்வளவு பெரிதாக வளர்ந்துள்ளது. குழந்தைப்பேறு வேண்டி இவ்வூருக்கு வரும் பெண்களில் ஆம்பூர், வாணியம்பாடி காலணித் தொழிற்சாலைகளில் தையல் வேலை செய்வோரும் உண்டு. தினக்கூலி பெறுகிறவருக்கு மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு. சோதனைக்குழாய் முறைக்கோ லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். அப்படியானால் இவர்களுக்கு வேறு வழி இல்லையா? உண்டு. அதன் வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

1721-இல் இத்தாலிய அறிஞர் வல்லிஸ்னேரி, குழந்தையில்லாத ஓர் உழவர் குலப் பெண்ணின் சினைப்பைகள் புறாமுட்டை அளவில் வெண்மையாய்ப் பளபளத்ததாகக் குறித்துவைத்தார். 1935-இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெய்ன், லெவந்தால் இருவரும் இத்தகைய ஏழு பெண்களின் சினைப்பைகளில் ஆப்பு வடிவில் ஒரு பகுதியை வெட்டி நீக்கினர். எழுவருக்கும் மாதவிலக்கு சீரானது, இருவர் கருவுற்றனர். இதை நாம் 'நீர்க்கட்டி' என்கிறோம். உண்மையில் அவை கட்டிகளே அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள்.

அவை ஏன் நிற்கின்றன? இஸ்திரிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறினால் மின்சாரம் தானே நிற்கும். ஆறினால் மீண்டும் பாயும். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் இப்படித்தான். இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் முட்டையை வளர்க்கும் ஹார்மோனை அதிகம் சுரக்கும், கூடினால் குறைத்துக்கொள்ளும். 1961-இல் சிகிச்சைக்கு வந்த க்ளோமிபீன் மாத்திரை மூளையின் 'வெப்பமானி'யை மூடி ஏமாற்றுகிறது. லெட்ரோசோல் அப்படியன்று, ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே சில நாள் குறைக்கிறது.

லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. 2001-இல் கனடாவில் மிட்வாலி, காஸ்பர் இருவரும் அதைக் கருத்தரிப்புக்குப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டனர். ஒரு மாதத்துக்கான மாத்திரைகளின் விலை சில நூறு ரூபாய்தான்.

ஆனால் 2005-இல் மான்ட்ரியல் மாநாட்டில் ஓர் ஆய்வு வாசிக்கப்பட்டது. இம்மருந்தால் பிறந்த 150 குழந்தைகளிடம் இதய, எலும்புக் குறைபாடுகள் கூடுதலாக இருந்தனவாம். ஒப்பிட எடுத்துக்கொண்டதோ சிக்கலற்ற பிரசவங்கள்! தராசின் இரு தட்டும் சமமில்லாதபோது எடையை எப்படி நம்புவது? அடுத்த ஆண்டே 911 குழந்தைகளை ஆராய்ந்தபோது, பிறவிக் குறைபாடு லெட்ரோசோலில் 2.4 சதவீதமும் க்ளோமிபீனில் 4.8 சதவீதமும் இருந்தது. கதிரியக்கப் பாடத்தில் வரும் அரைவாழ்வு இங்கும் உதவும். இம்மருந்தின் அரைவாழ்வு ஏறத்தாழ இரண்டு நாள். மாத்திரையை நிறுத்திய பத்து நாளில் 32-இல் ஒரு பங்கே எஞ்சும். கருவின் உறுப்புகள் உருவாகத் தொடங்கும் நாளில் அதுவும் இராது.

இருந்தும் 2011 அக்டோபரில் மத்திய அரசு கருத்தரிப்புக்கு இதைத் தடை செய்தது. 2014-இல் அமெரிக்காவில் இந்நோயுள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வில் குழந்தை பெற்றோர் லெட்ரோசோலில் 27.5 சதவீதம், க்ளோமிபீனில் 19.1 சதவீதம். நம் நாட்டில் தடை நீங்கியதோ 2017-இல்தான். 2011-இல் 32 வயதான ஒரு பெண்ணுக்கு அப்போது 38. பணமுள்ளவர் வேறு சிகிச்சைக்குப் போயிருப்பார், மற்றவர் காத்திருந்தார். எச்சரிக்கை தவறென்று நான் சொல்லவில்லை. மறு ஆய்வுக்கு இத்தனை ஆண்டு எடுத்ததுதான் தவறு.

இன்று உலக வழிகாட்டு நெறிகளில் இம்மாத்திரையே முதல் தேர்வு. இதைக் கடையில் தாமே வாங்கி விழுங்கக் கூடாது. முட்டை வளர்வதை ஸ்கேன் மூலம் மருத்துவர் கண்காணிக்க வேண்டும். உடல் பருத்தவர் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை தானாக வெளிப்படத் தொடங்குகிறது. அதற்குச் செலவே இல்லை. இன்னொன்று, கணவரின் விந்துப் பரிசோதனை. எல்லாவற்றிலும் மலிவான அந்தச் சோதனையைத்தான் நம் வீடுகளில் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள்.