குதிரைப் பந்தயத்தில் திரளும் பணம் எங்கே போகிறது?

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. அக்கொடியின் பெயரைத் தாங்கி மன்னார் பெருநிலப்பரப்பில் அமைந்துள்ள அடம்பனுக்கு அறுவடை முடிந்த காலத்தில் சென்றிருந்தபோது விவசாயி ஒருவர் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். இளைஞர்கள் சிலர் கையடக்கத் தொலைபேசி வழியாக வெளிநாட்டுக் குதிரைகளின் மீது பணம் கட்டுகின்றனராம். கண்டித்தால், "இதில் புக்கிக்காரன் இல்லை. எல்லோருடைய காசும் ஒன்றாகத் திரண்டு வென்றவர்களுக்குப் பிரிக்கப்படுகிறது. நீங்கள் பிடிக்கும் சீட்டுப் போலத்தான்" என்கின்றனராம். இது உண்மையா என்பதே அவருடைய கேள்வி. பாதி உண்மை என்றோம். மறுபாதியை விளக்கவே இக்கட்டுரை.

புக்கி என்பவர் விலை சொல்லிப் பந்தயம் ஏற்பவர். ஒன்றுக்கு ஐந்து என்று சொல்லிவிட்டால், அக்குதிரை வெல்லும்போது அவர் அதனைக் கொடுத்தே ஆக வேண்டும். அவருக்கும் நட்டம் வரலாம். டோட் எனப்படும் திரட்டுப் பந்தயத்தில் விலை சொல்பவர் எவருமில்லை. பந்தயம் கட்டுவோர் தமக்குள்ளேயே மோதிக்கொள்கின்றனர். 1867ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் ஜோசப் ஒல்லர் என்பவர் இம்முறையை அறிமுகப்படுத்தினார். 1913இல் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரிலுள்ள எல்லர்ஸ்லி மைதானத்தில், ஜோர்ஜ் ஜூலியஸ் உருவாக்கிய தானியங்கிக் கணிப்பு இயந்திரம் முதன்முதலாக இயங்கியது. தேர்தல் வாக்குகளை எண்ணுவதற்கென அவர் சிந்தித்த பொறியே பின்னர் பந்தயப் பணத்தை எண்ணப் பயன்பட்டது என்பது சுவையான செய்தி.

கணக்கைப் பார்ப்போம். ஓர் ஓட்டத்தில் வெற்றிக் குதிரைக்கெனக் கட்டப்பட்ட மொத்தப் பணம் ஓர் இலட்சம் ரூபா என வைத்துக்கொள்வோம். நடத்துவோர் முதலில் தமது கழிவையும் அரசின் வரியையும் எடுத்துக்கொள்வர். அது நூற்றுக்கு 20 எனில் எஞ்சுவது 80,000 ரூபா. வென்ற குதிரையின் மீது 40,000 ரூபா கட்டப்பட்டிருந்தால் நூறு ரூபா கட்டியவருக்கு 200 ரூபா கிடைக்கும். அதன் மீது 5,000 ரூபா மட்டுமே கட்டப்பட்டிருந்தால் அதே நூறு ரூபாவுக்கு 1,600 கிடைக்கும். பங்குத்தொகையில் வரும் சில்லறையைக் குறைத்து முழுமையாக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. அச்சில்லறையும் கட்டியவர் கைக்கு வருவதில்லை.

எந்தக் குதிரை வென்றாலும் கழிவு மாறுவதில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. ஹொங்கொங்கில் வெற்றிப் பந்தயத்துக்கான கழிவு நூற்றுக்கு 17.5. முதல் இரு குதிரைகளையோ மூன்றையோ ஒருங்கே கணிக்கும் பந்தயங்களில் கழிவு பொதுவாக இன்னும் கூடும். நூற்றுக்கு 20 கழிவுள்ள திரளில் ஆயிரம் ரூபாவை இட்டு, வருவதை மீண்டும் மீண்டும் கட்டுகிற ஒருவருக்குச் சராசரியாக ஐந்து சுற்றுகளின் பின் 328 ரூபாவும் பத்துச் சுற்றுகளின் பின் 107 ரூபாவும் மிஞ்சும். எவரும் அவரை ஏமாற்றவில்லை. கணக்கு மட்டுமே வேலை செய்திருக்கிறது.

சீட்டில் இவ்வாறு நிகழ்வதில்லை. ஏலச்சீட்டில் ஒருவர் விட்டுக்கொடுக்கும் கழிவு, நடத்துபவரின் தரகு போக, மற்ற அங்கத்தவர்களுக்கே பிரிகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு முறை சீட்டு விழுந்தே தீரும். பந்தயத் திரளில் முறை என்பதே கிடையாது.

இன்னோர் உவமையும் இக்கரையிலேயே இருக்கிறது. பிரித்தானியர் ஆட்சியின் பிற்காலத்தில் மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது, கரைக்கு வந்த சிப்பிகளை மூன்று சம குவியல்களாகப் பிரிப்பர். இரண்டு அரசுக்கு, ஒன்று குளிகாரர்களுக்கு. அரசின் குவியல்கள் ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து உண்டா இல்லையா என்று தெரியாமலே வணிகர்கள் வாங்கினர். அரசோ சிப்பி திறக்கப்படுவதற்கு முன்பே தன் பணத்தைப் பெற்றுவிட்டது. ஆயினும் அங்கே கடல் புதிதாக ஒரு செல்வத்தைக் கொடுத்தது. பந்தயத் திரளில் கட்டிய பணத்தைத் தவிர வேறொன்றும் பிறப்பதில்லை.

குதிரையை நன்கு அறிந்தவன் வெல்வான் அல்லவா எனச் சிலர் வாதிடுவர். 1996இல் சென்னைக் கிண்டிப் பந்தயம் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என இந்திய உச்ச நீதிமன்றமும் கூறியது. திறமை உண்டென்றே வைத்துக்கொள்வோம். திரட்டுப் பந்தயத்தில் அத்திறமை மற்றவர்களை விடச் சற்று மேம்பட்டிருந்தால் மட்டும் போதாது. கழிவையும் தாண்ட வேண்டும். மேலும் கட்டும் நேரத்தில் காட்டப்படும் விகிதம் இறுதியானதன்று. கடைசி நிமிடத்தில் வந்து சேரும் பணம் அதனை மாற்றிவிடும். முன்னைய உதாரணத்தில் 2,000 ரூபா மட்டுமே பெற்ற குதிரைக்கு ரூபாவுக்கு 40 எனத் திரையில் தெரியும். அதே குதிரையில் இன்னும் 2,000 ரூபா விழுந்தால் அது 20.40 ஆகிவிடும். இதனாற்றான் 'உள்ளகத் தகவல்' விற்பவர்களை நாம் நம்புவதில்லை. உண்மையில் வெல்லும் குதிரையை அறிந்தவன் அதனை ஊருக்குச் சொல்லித் தன் பங்கைக் குறைத்துக்கொள்வானா?

இஸ்லாமிய வாசகர்களுக்கு இத்திரட்டு முறை புதியதன்று. திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் தடுக்கும் மைஸிர், அன்றைய அரபிகளிடம் அம்பு கொண்டு ஆடப்பட்ட ஆட்டமாகும். ஒட்டகம் ஒன்றை அறுத்துப் பங்கிட்டுப் பத்து அம்புகளை உருவுவர். ஏழில் பங்கு உண்டு, மூன்று வெற்று. வெற்று அம்பு பெற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைச் செலுத்துவர் என விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். யார் தோற்றாலும் ஒட்டகம் விற்றவருக்கு விலை கிடைத்துவிடும்! வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்குவதும் வழக்கமாக இருந்தது. அவ்வாறிருந்தும் அது தடுக்கப்பட்டது. பந்தய வருமானம் தருமத்துக்குச் செல்கிறது என்போர் இதனைச் சிந்திக்கலாம். குதிரையோட்டம் தடுக்கப்படவில்லை, நபிகளார் காலத்தில் மதீனாவில் குதிரைகள் ஓட விடப்பட்டன. தடை பணயத்தின் மீதே. திருவள்ளுவரும் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

இலங்கையில் 1893இல் கொழும்பு கறுவாத்தோட்டத்தில் திறக்கப்பட்ட பந்தயத் திடல் இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுபாதையாயிற்று. 1950களில் அங்கு குதிரையோட்டம் நின்றுபோனது. நுவரெலியாவில் சித்திரை வசந்தகாலப் பந்தயம் இன்றும் பெயர்பெற்றது. ஆனால் அடம்பன் இளைஞர் திடலுக்கே போவதில்லை. திரைதான் அவருக்குத் திடல். சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்றுக்கான சட்டத்தை 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அது ஒருபுறமிருக்க, அந்த விவசாயியிடம் இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்து வந்தோம். கட்டும் பணம் உண்மையிலேயே பந்தயக் கழகத்தின் திரளுக்குச் செல்கிறதா? கழிவு நூற்றுக்கு எத்தனை? இவற்றுக்குத் தளத்தில் தெளிவான விடை இல்லையெனில், அங்கே திரள் என ஒன்று இருக்கிறதா என்பதே ஐயத்துக்குரியது.