பாட்டுக்கு முன் வரும் பெயர்கள்

1902-ஆம் ஆண்டு நவம்பரில், கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் தம் ஒலிப்பதிவு யந்திரத்தை அமைத்தபோது, அதன் நீண்ட குழலுக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பாடிய கௌஹர் ஜான், மூன்று நிமிஷ அளவுக்குள் பாட்டை நிறைவேற்றிவிட்டு, எஞ்சியிருந்த ஓரிரு விநாடிகளில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். அதைத் தற்பெருமை என்று நினைத்தவர்கள் உண்டு, உண்மை வேறு. மெழுகில் பதிவான அந்தப் பாட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துத் தொழிற்சாலையை அடைந்த பிறகுதான் தட்டாக வேண்டும். அங்கு வேலை செய்தவர்களுக்கோ நம் பாஷையும் தெரியாது, நம் பாடகர்களின் குரலும் தெரியாது. எந்தத் தட்டுக்கு யாருடைய பெயர்ச்சீட்டு என்று அறிவதற்குப் பாடியவரே சொன்ன அந்தப் பெயரைத் தவிர வேறு துணை அவர்களுக்கு இல்லை. ஆகவே, அறிவிப்பு என்னும் சம்பிரதாயம் நம் தேசத்தில் இசைத்தட்டோடு கூடப் பிறந்தது. அது பிறந்ததன் நோக்கமே ஒருவர் பாட்டு இன்னொருவர் பெயரில் போய்விடாமல் காப்பதுதான்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு, பத்தாவது இடத்தில் தொடங்கி முதலிடம் வரை பழைய பாடல்களை வரிசைப்படுத்தித் தரும் இக்காலத்து வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்கும்போது மனம் சங்கடப்படுகிறது. படத்தின் பெயர் சரியாக இருந்தால் ஆண்டு தவறுகிறது; ஆண்டு சரியாக இருந்தால் இசையமைப்பாளர் மாறிவிடுகிறார்; எல்லாம் சரியாக அமைந்த நாளிலும் பாடலாசிரியர் யாரோ ஒருவராக ஆகிவிடுகிறார். இனிய குரலில் தயக்கமின்றிச் சொல்லப்படுவதாலேயே பிழை கேட்பவர் மனத்தில் ஆழமாகப் பதிகிறது. இதற்கெல்லாம் அறிவிப்பாளரின் அலட்சியம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நம் சினிமா சங்கீதம் தன் பெயர்களைப் பாதுகாத்து வைத்த விதத்திலேயே பாதிப் பிழைக்கு வித்து இருந்தது.

நடிகர்களே பாடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. திரையில் வாயசைத்தவரே பாடியவர். 1938-இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் எடுத்த ‘நந்தகுமார்’ படத்தில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். அன்று முதல் முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்ற நிலை தமிழ்ப்படத்தில் ஏற்பட்டது. 1945-இல் வெளிவந்த ‘ஸ்ரீவள்ளி’யில் இது இன்னும் விசித்திரமாயிற்று. வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டு திருப்தியாக அமையவில்லை என்று கருதிய மெய்யப்பச் செட்டியார், பி.ஏ. பெரியநாயகியைப் பாடச்செய்து அந்தக் குரலைப் படத்தில் சேர்த்தார். ஆகவே அந்தப் படத்தின் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர், நடித்தவர் பெயரைப் பாடியவர் பெயராகச் சொல்லிவிடுவது எளிது. போதாததற்கு, 1961-இல் இன்னொரு ‘ஸ்ரீவள்ளி’ வந்தது. முதல் படத்துக்கு இசை ஆர். சுதர்சனம், இரண்டாவதற்கு ஜி. ராமநாதன். முதல் படத்தில் முருகனாக நடித்துப் பாடிய டி.ஆர். மகாலிங்கமே இரண்டாவதில் நாரதராக வருகிறார். ‘ஸ்ரீவள்ளி, டி.ஆர். மகாலிங்கம்’ என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதியிருந்தால், பதினாறு ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு படங்களில் எது என்பதைக் காதால் மட்டுமே நிர்ணயிக்க முடியும். அதற்குப் பழகிய காது வேண்டும்.

சீட்டு என்றேனே, அதைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வீட்டில், ஒரு மழைக்கால மாலையில், உறை கிழிந்த தட்டொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுத் துளையைச் சுற்றிலும், தட்டை யந்திரத்தில் வைக்கும்போதெல்லாம் முளை உராய்ந்து உண்டான கீறல்கள், பூச்சியின் தடம்போல வட்டமாகச் சீட்டை அரித்திருந்தன. இசையமைத்தவர் பெயர் இருந்த இடத்தில் ‘ஆர்.’ என்ற தலைப்பெழுத்து மட்டும் நின்றது. ஆர். சுதர்சனமா, அவர் சகோதரர் ஆர். கோவர்த்தனமா? பாட்டை எழுதியவர் பெயருக்கு அச்சீட்டில் இடமே ஒதுக்கப்படவில்லை. நண்பர் எழுந்துபோய், கொட்டகை வாசலில் அணாக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களின் கட்டை அவிழ்த்து, மங்கிய தாள்களைப் புரட்டினார். கதைச் சுருக்கத்தை விறுவிறுப்பாகச் சொல்லி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடும் அந்தச் சிறு புத்தகங்களில்தான் பல கவிஞர்களின் பெயர் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆனால் அவற்றிலும் ஒரு குறை: பாடல்கள் இன்னின்னார் என்று மூன்று நான்கு பெயர்களைச் சேர்த்து முகப்பில் போட்டுவிடுவார்கள், எந்தப் பாட்டு யாருடையது என்பது தனித்தனியே இராது.

வடக்கிலும் இதே கதைதான். 1949-இல் வந்த ‘மஹல்’ படத்தின் புகழ்பெற்ற பாட்டு முதலில் தட்டாக வந்தபோது, பாடியவர் என்ற இடத்தில் கதாநாயகியின் பாத்திரப் பெயரான ‘காமினி’ என்பதே அச்சிடப்பட்டிருந்தது. அந்தக் குரல் யாருடையது என்று கேட்டு நேயர்கள் வானொலிக்கு எழுதிய பிறகே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளிப்பட்டது. பாடலாசிரியர்களின் பெயரையும் வானொலி சொல்ல வேண்டும் என்று கவிஞர் சாஹிர் லூதியான்வி வாதாடிப் பெற்றதை இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள்.

அறிவிப்பில் எந்தப் பெயரைச் சொல்வது என்பது ஒரு காலத்தில் அரசாங்கத்துக்கும் படத்தயாரிப்பாளர்களுக்கும் இடையே வழக்காகவே மூண்டது. 1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியான சமயத்தில், படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று கருதிய ஆல் இந்தியா ரேடியோ, பாடகர் பெயரோடு நிறுத்திக்கொண்டது. தயாரிப்பாளர்கள் வெகுண்டு, பாடல்களை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். சினிமாப் பாட்டு நம் வானொலியிலிருந்து மறையலாயிற்று. அந்த வெற்றிடத்தில்தான் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை கடல் கடந்து வந்து நம் வீடுகளில் குடிபுகுந்தது. 1952 டிசம்பரில் அமீன் சயானி தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ பம்பாயில் பதிவாகிக் கொழும்பிலிருந்து ஒலித்தது. ஏழு பாட்டுக்களை வைத்து நடத்திய போட்டியாகத் தொடங்கிய அது, வாரத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல் கடிதங்கள் வந்து குவியவே, இசைத்தட்டு விற்பனையையும் நேயர் சங்கங்களின் விருப்பத்தையும் அடிப்படையாகக் கொண்டு பாடல்களைப் படிப்படியாக ஏற்றிச் சொல்லும் வரிசை நிகழ்ச்சியாயிற்று. நம் அரசாங்கமும் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுக்கு மறுபடியும் கதவைத் திறந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ‘பில்போர்டு’ பத்திரிகை 1958 ஆகஸ்டு முதல் வாரந்தோறும் நூறு பாட்டுக்களின் தரவரிசையை அச்சிட்டு வருகிறது. 1970 ஜூலை 4-ஆம் தேதி கேசி கேசம் தொடங்கிய புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சி அந்தப் பட்டியலையே ஆதாரமாகக் கொண்டது. ஹிந்திப் பாட்டுக்கு கீத்மாலாவின் பட்டியல் உண்டு. பழைய தமிழ்ப் பாட்டுக்கோ அவ்விதமான வாராந்தரப் பதிவு கிடையாது. ஆகவே, ‘1964-இல் முதலிடம் பெற்ற பாடல்’ என்று இன்று ஒருவர் சொல்வாரானால், அது அவருடைய ரசனையாக இருக்கலாம், சரித்திரமாக இராது. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு என்று சொன்னால் கேட்பவர் மகிழ்ந்து கேட்பார்களே! அதற்கு ஏன் ஒரு பொய்யான பீடம்?

இரட்டையர் பெயரால் நேரும் மயக்கம் தனி ரகம். விசுவநாதன்–ராமமூர்த்தி இருவரும் 1952-இல் ‘பணம்’ படத்தில் தொடங்கி 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை சேர்ந்தே இசையமைத்தார்கள், பின்பு பிரிந்தார்கள். பிரிவுக்கு முந்திய பாட்டுக்களுக்கும் விசுவநாதன் பெயரை மட்டும் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. ராமமூர்த்தி தனித்து இசையமைத்த ‘சாது மிரண்டால்’ போன்ற படங்களோ வரிசைகளில் இடம்பெறுவதே அரிது. பல ஆண்டு உடன் உழைத்த பிடில் வித்வான் ஒருவருடைய பங்கு, ஒரு பெயரைச் சொல்லாமல் விடுவதாலேயே இப்படிக் கரைந்துபோகிறது. அந்த இருவருக்கும் குருஸ்தானத்தில் இருந்த சி.ஆர். சுப்பராமன் 1952-இல் இளம் வயதில் காலமானபோது, ‘தேவதாஸ்’ உள்ளிட்ட படங்களில் எஞ்சிய வேலையை நிறைவேற்றியவர்கள் இவர்களே. அங்கே யார் பெயரைச் சொல்வது நியாயம்? மூன்று பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஐந்து விநாடிக்குமேல் ஆகாது.

கவிஞர்கள் விஷயத்தில் பிழைக்குக் காரணம் புகழே. தனிப்பாடல் ஒன்று ஆசிரியர் பெயர் தெரியாமல் அலைந்தால் அதை ஔவையார் தலையில் ஏற்றிவிடுவது நம் பழைய வழக்கம். அதே வழக்கம் சினிமாவிலும் தொடர்ந்தது. தத்துவமாகவோ இலக்கிய வாசனையோடோ ஒலித்தால் கண்ணதாசன். உழைப்பையும் உழவையும் பாடினால் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். ‘இருமலர்கள்’ படத்து மாதவியைப் பற்றிய பாட்டும், ‘கற்பகம்’ படத்துப் பாட்டுக்களும் வாலி எழுதியவை என்றால் இன்றும் வியப்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாணசுந்தரம் 1959-இல், முப்பது வயது நிரம்புமுன்பே மறைந்துவிட்டார். அந்த ஆண்டைப் பார்த்தாலே பல பிழைகளைத் தவிர்த்துவிடலாம்.

இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்களை நம் தலைமுறை ஏன் இவ்வளவு மதித்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். மயில்வாகனன் முதல் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் வரை, ஒவ்வொருவர் பாணியும் வெவ்வேறு. ஆயினும் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பெயர்களை ஒவ்வொன்றாக, விழுங்காமல், மந்திரம்போல் உச்சரிக்கும் மரியாதை அந்தச் சேவையின் பொதுச் சொத்தாக இருந்தது. எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார்கூட உடுமலை நாராயணகவி என்ற பெயரைப் பிசகாமல் சொன்னது அந்த வானொலியின் பயிற்சியால்தான்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பழைய பாடல் வரிசை ஒன்றில், மணப்பாறை மாட்டையும் மாயவரத்து ஏரையும் பாடும் அந்த உழவுப் பாட்டு நான்காவதாக வந்தது. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்றார் அறிவிப்பாளர். நான் உடனே அஞ்சலட்டை ஒன்றை எடுத்து, திருச்சி ஜில்லா மேலக்குடிகாட்டில் 1920-இல் பிறந்த ஒருவர், மண்ணை அறிந்த கையால் எழுதிய பாட்டு அது என்றும், கல்யாணசுந்தரத்துக்குப் புகழ் சேர்க்க அவருடைய சொந்தப் பாட்டுக்களே போதும் என்றும் எழுதி அனுப்பினேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது ஞாயிறன்று, நிகழ்ச்சி தொடங்குமுன், அந்த இளம் அறிவிப்பாளர் என் அட்டையை வாசித்தார்; தவறுக்கு வருந்தினார்; பிறகு அந்தப் பாட்டையே வரிசைக்கு வெளியே வைத்து, அவசரப்படாமல் அறிவித்தார்: படம் ‘மக்களைப் பெற்ற மகராசி’, ஆண்டு 1957, பாடியவர் டி.எம். சௌந்தரராஜன், இசை கே.வி. மகாதேவன், இயற்றியவர் அ. மருதகாசி.