அடியில்லாக் கிணறும் சுழியோடிகளும்

கொழும்பு மாளிகாவத்தையில் வாழ்வோர் தாம் பருகும் நீர் எங்கிருந்து வருகின்றது என எண்ணிப் பார்ப்பது அரிது. லபுகமை மலைக்காட்டில் தேங்கும் நீர் 1886ஆம் ஆண்டு முதல் நகரை வந்தடைகின்றது. அயலிலுள்ள மாளிகாகந்தை மேட்டு நீர்த்தேக்கம் அதனை வீடுகளுக்குப் பகிர்ந்தளித்து வந்தது. யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே ஒன்றேனும் இல்லை. மாரியில் பெய்யும் மழை நிலத்தினுள் இறங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. அந்நீரே அம்மக்களுக்கு உயிர்.

அக்கிணறுகளுள் பெரும்புகழ் பெற்றது நிலாவரை. யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 10 மைல் தொலைவில், புத்தூரை அடுத்த நவக்கிரியில், சிவன் கோயிலொன்றின் அருகே அது அமைந்துள்ளது. வானரப் படையின் தாகந் தீர்க்க இராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய ஊற்று அது என்பது மரபு. அதனைப் பற்றி வழிவழி வந்த நம்பிக்கைகள் இரண்டு. ஒன்று, அதற்கு அடியில்லை என்பது. மற்றொன்று, அதில் இட்ட எலுமிச்சங்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது.

உண்மையில் நிலாவரை மனிதர் தோண்டிய கிணறன்று. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லால் ஆயது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக மாறுகின்றது. அது பல்லாயிரம் ஆண்டுகள் கல்லை அரித்துக் குகைகளைக் குடைகின்றது. குகையின் கூரை இடிந்து வீழ்ந்தவிடத்து வாய்திறந்த மடு ஒன்று தோன்றும். மெக்சிக்கோ நாட்டின் யுக்கத்தான் பகுதியில் மாயா மக்கள் தெய்வத்தன்மை உடையனவாகப் போற்றிய நீர்மடுக்களும் இவ்வகையினவே.

இத்தகைய மடுக்களின் ஆழத்தை அறியும் ஆவல் மனிதனை நீண்டகாலமாக ஈர்த்து வந்துள்ளது. பிரான்சு தேசத்து வோக்குளூஸ் ஊற்றில் 1878இல் ஒட்டொனெல்லி என்னும் சுழியோடி, உலோகத் தலைக்கவசம் அணிந்து 75 அடி வரை இறங்கினார். 1943இல் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும், அமுக்கிய காற்றை முதுகிற் சுமந்து நீரினுள் மூச்சுவிட உதவும் கருவியை ஆக்கினர். 1946இல் கூஸ்தோவும் அவர் தோழர் துமாவும் அக்கருவியுடன் அதே ஊற்றில் மூழ்கினர். காற்றை அமுக்கிய இயந்திரத்தின் நச்சுப்புகை அவர்களுடைய உருளைகளிற் கலந்திருந்தது. ஆழத்தில் அறிவு மயங்கிய இருவரையும் இறுதியிற் கரைசேர்த்தது அவர்கள் பற்றியிருந்த கயிறே. 1985இல் மனிதரில்லா இயந்திரமொன்று அவ்வூற்றின் அடியை 308 மீற்றர் ஆழத்திற் கண்டது.

கயிற்றின் அருமையை மன்னார்ச் சலாபத்தில் முத்துக்குளித்தவர்கள் நன்கறிவர். கல்லைக் காலிற் பற்றிக் கடலினுள் இறங்கியவரின் உயிர், தோணியிற் கயிறு பிடித்து நின்றவரின் கையில் இருந்தது. ஆயினும் கடலில் மூச்சு முட்டினால் மேலே எழலாம். குகையிலோ தலைக்கு மேல் இருப்பது பாறை. போன வழியன்றித் திரும்பும் வழி இல்லை. ஆகவே குகையிற் புகும் சுழியோடிகள் வாயிலிலிருந்து அறாத கயிறொன்றை உடன்கொண்டு செல்வர். காற்றில் மூன்றிலொரு பங்கைப் போவதற்கும், ஒரு பங்கை மீள்வதற்கும் வைத்து, எஞ்சிய பங்கை ஆபத்துக்கென விடுவர். 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில், மழைவெள்ளத்தில் அகப்பட்ட 12 சிறுவரும் அவர்தம் பயிற்சியாளரும் மீட்கப்பட்டபோது, சுழியோடிகள் வழிகண்டது இத்தகைய கயிற்றினாலேயே. அம்முயற்சியில் சமன் குணன் என்னும் முன்னாட் கடற்படைச் சுழியோடி தம் உயிரை ஈந்தார்.

யுக்கத்தான் மடுக்களில் இறங்குவோர் விந்தையொன்றைக் காண்பர். பளிங்கு போன்ற நன்னீரைக் கடந்து செல்கையில் கண்முன் யாவும் திடீரெனக் கலங்கித் தோன்றும். அங்கே நன்னீர் முடிந்து உவர்நீர் தொடங்குகின்றது. நிலாவரையும் அத்தகையதே. மேலே தேனாய் இனிக்கும் நீர் ஆழத்திற் கரிக்கின்றது. இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமெர்சன் தெனந்து, 1859இல் வெளியிட்ட தம் நூலில் இப்புத்தூர்க் கிணற்றைப் பற்றி எழுதினார். இக்காலத்தில் அளந்தோர் அதன் ஆழம் 100 அடிக்கும் மிகுந்ததெனக் கண்டனர்; ஆனால் அடியில்லாததன்று.

குடாநாட்டின் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய வில்லை போன்றது. ஒல்லாந்தரான கெய்பெனும் செருமானியரான ஹேர்ஸ்பேர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதன் கணக்கைத் தனித்தனியே விளக்கினர். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு. மேலே 1 அடி குறைந்தாலோ, காலப்போக்கிற் கீழிருந்து 40 அடிக்கு உவர் ஏறிவிடும். அடியில்லாக் கிணறு என்ற பெயர் எத்துணைப் பேதைமையான நம்பிக்கையைத் தந்துவிட்டது!

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அக்காவல் நீங்கிற்று. இயந்திரம் களைப்பதில்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இட்ட உரத்தின் நைத்திரேற்றும் கிணறுகளிற் சென்று சேர்ந்தது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளும் பொந்துகளும் நீரை வடிகட்டாமலே கடத்திவிடுவதால், ஒருவர் தோட்டத்தில் இட்டது அயலவர் கிணற்றில் வந்து நிற்கின்றது.

இவ்விடத்திலேதான் எலுமிச்சங்காய்க் கதை பொருள் பெறுகின்றது. முன்னோர் விட்டுச்சென்ற நம்பிக்கைகள் இரண்டனுள், அடியில்லை என்பது பிழை. நிலத்தடி நீர் ஒன்றோடொன்று தொடர்புடையது என்பதோ மெய். மக்கள் பிழையை நம்பி வரையின்றி இறைத்தனர். மெய்யைக் கதையென்று புறக்கணித்தனர். நிலாவரையில் இட்ட காய் கீரிமலையில் மிதந்ததோ இல்லையோ, ஒரு கிணற்றில் இட்ட நஞ்சு மற்றொரு கிணற்றில் மிதக்கும் என்பதில் ஐயமில்லை. குகையிற் புகும் சுழியோடி மீள்வதற்கென ஒரு பங்கு காற்றைத் தொடாது வைப்பதுபோல, வரும் தலைமுறைக்கென ஒரு பங்கு நீரைத் தொடாது வைப்பதே குடாநாட்டின் உய்வுக்கு வழி.