பண்ணைக் குஞ்சுக்குத் தெரியாத மொழி



மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழியை எத்தனையோ வருடம் வகுப்பில் கேலியாகவே நடத்தியிருக்கிறேன். அமெரிக்கக் காட்டு வான்கோழியைப் பற்றிப் படித்த பிறகு கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அங்கே அது யாரையும் பார்த்து ஆடுவதில்லை. ஏப்ரல் மாத விடியலில் சேவல் மரக்கிளையில் இருந்தபடியே குரல் கொடுக்கும். பிறகு இறங்கி, வாலை விசிறியாக விரித்துத் தன் பெட்டைகளுக்காக ஆடும்.

வேட்டைக்காரர் அதற்கு முன்பே, இருட்டோடு போய், ஒரு பருத்த மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். இலை நிற உடை, முகத்துக்கும் திரை. வான்கோழிக்குக் கண் கூர்மை, நிறமும் தெரியும். விரல் அசைந்தால் போதும், பறவை போய்விடும். எதிரே தரையில் ஒரு பெட்டைப் பொம்மை. சில சமயம் சேவலுக்குக் கோபமூட்ட ஓர் இளஞ்சேவல் பொம்மையும். (இப்படிக் காட்டி இனத்தைப் பிடிக்க வைக்கும் விலங்குக்கு நம் பழந்தமிழில் 'பார்வை' என்றே பெயர்.)

பிறகு பெட்டையின் குரலில் அழைப்பார். சிறிய மரப்பெட்டியின் மேல் மூடியை உரசினால் அந்தக் குரல் வரும். ஆர்கன்சாவைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு வெகு காலம் முன்பே பூர்வகுடி மக்கள் வான்கோழியின் சிறகெலும்பையே குழலாக்கி, உறிஞ்சி அழைத்தார்கள்.

இயற்கையில் சேவல் கூப்பிடும், பெட்டைதான் தேடிப் போகும். இங்கே சேவலை வரச் சொல்கிறார்கள். அதனால்தான் அது பல நேரம் பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. அதிகம் கூப்பிட்டால் சந்தேகம், கூப்பிடாவிட்டால் மறதி. எப்போது வாயை மூடிக்கொள்வது என்று தெரிவதுதான் வித்தை.

இந்தப் பறவை ஒரு காலத்தில் ஏறக்குறைய அழிந்தே போனது. காடுகளை வெட்டினார்கள், கட்டுப்பாடில்லாமல் சுட்டுச் சந்தையில் விற்றார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடைசிக் காட்டு வான்கோழி 1851-இல் டாம் மலையில் சுடப்பட்டது. தேர்வில் ஒரு மாணவன் காரணம் 'வேட்டை' என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

திரும்பக் கொண்டுவர முதலில் எளிய வழியைத்தான் பார்த்தார்கள். பண்ணையில் முட்டை பொரித்து, வளர்ந்த பறவைகளைக் காட்டில் விட்டார்கள். பல மாநிலங்களில், பல பத்தாண்டுகள். அவை பிழைக்கவில்லை. எந்த மரத்தில் அடைவது, எதைத் தின்பது, தாயின் அபாயக் குரல் கேட்டால் எப்படித் தரையோடு பதுங்குவது என்று தாயோடு திரிந்து பழகிய குஞ்சுக்குத்தான் தெரியும். இன்குபேட்டருக்கு அதெல்லாம் வராது. மரத்தடி வேட்டைக்காரருக்குத் தெரிந்திருந்த மொழிகூட அந்தப் பறவைகளுக்குத் தெரியவில்லை! ஆசிரியராக இருந்தவன் என்பதால் இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

பிறகுதான் காட்டுப் பறவையையே பிடித்து இடம் மாற்றினார்கள். சோளம் தூவி, மேய வரும் கூட்டத்தின் மேல் சிறு பீரங்கிகளால் வலையைப் பாய்ச்சும் முறை 1951-இல் தென் கரோலினாவில் வான்கோழிக்குக் கைகொடுத்தது. பணம்? 1937-இல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான 11 சதவீத வரியை வனவிலங்குப் பணிக்குத் திருப்பியிருந்தது. எனக்கு வேட்டையில் விருப்பமில்லை. ஆனால் சுட்டவர் கட்டிய வரியில்தான் பறவை திரும்பி வந்தது என்பதை மறைக்க முடியாது.

இன்று வசந்தத்தில் மார்பில் தாடி போல் மயிர்க்கற்றை தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். பெட்டைகள் அடைகாக்கும் காலம் என்பதால் சில மாநிலங்களில் நண்பகலோடு வேட்டை நேரமும் முடிந்துவிடும்.

மாசசூசெட்ஸில் 1972-73-இல் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்து விட்டவை 37 பறவைகள். இப்போது 30,000-க்கு மேல். பாஸ்டனை ஒட்டிய புரூக்லைன் தெருக்களில் நடப்பவரை வழிமறிக்கின்றன. பளபளக்கும் கார் கதவில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று கொத்துகின்றன. அந்தப் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது பார்த்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள்.